ஜன்னல் ஓரத்தில் கீரை அறுவடை!

காம்பவுண்டு வீட்டுக்காரர்களும் பயிர் செய்யலாம்

தேனி,
முல்லைப் பெரியாறு தண்ணீர் பாய்ந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் 14 ஆயிரத்து 707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. திராட்சை, வாழை, தென்னை என்று எங்கு பார்த்தாலும் பச்சைப்பசேல்!

ஆனால் தேனி டவுனில் காம்பவுண்டு வீட்டில் குடியிருப்பவருக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. ஒரு கட்டு கீரைக்கும் மார்க்கெட்டுக்குத்தான் ஓட வேண்டும்.

"நமக்கு ஏதுங்க தோட்டம்?" என்று பெருமூச்சு விடவேண்டாம். வெயில் விழும் ஒரு ஜன்னல் இருந்தால் போதும்.

பாதிப்பேருக்கு ரத்தசோகை

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. 2019-21-ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை!

கீரை மட்டும் தின்றால் அது தீர்ந்துவிடாது. டாக்டர் கொடுத்த சத்து மாத்திரையை நிறுத்தவும் கூடாது. ஆனாலும் வாரத்தில் நாலு நாள் கீரை சமைத்தால் உடம்புக்கு அது பெரிய துணை.

ஓட்டை பேசின் போதும்

அரை அடி ஆழம் உள்ள பழைய பிளாஸ்டிக் பேசின் போதும். அடியில் நாலைந்து ஓட்டை போடவேண்டும். செம்மண், மணல், மக்கிய சாணி உரம் மூன்றையும் சம அளவு கலந்து நிரப்பலாம்.

ஒரு எச்சரிக்கை! தோட்டங்களில் கிடக்கும் காலி பூச்சிமருந்து டப்பா மட்டும் வேண்டவே வேண்டாம். எத்தனை தடவை கழுவினாலும் விஷம் விஷம்தான்.

20 நாளில் கீரை!

முதலில் வெந்தயம் போடுவது சுலபம். அஞ்சறைப்பெட்டியில் இருப்பதே போதும். ராத்திரி ஊறவைத்து, காலையில் தூவி, மேலே லேசாக மண் போட்டால் மூன்று நாளில் முளைக்கும். 20, 25 நாளில் கிள்ளலாம்.

மல்லியை முழுசாகப் போடாமல், தேய்த்து இரண்டாக உடைத்துப் போடவேண்டும்.

வெயில் நன்றாக விழுந்தால் அரைக்கீரையும் வரும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-3 ரகத்தை வயலில் 20-வது நாளில் இருந்து 90 நாளுக்குள் 10 தடவை அறுக்கிறார்கள். ஜன்னலில் அத்தனை கிடைக்காது. ஆனாலும் வேரோடு பிடுங்காமல் அறுத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும்.

இருட்டில் வளராது

செடி வெளிறி, நெட்டையாகச் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். தினமும் நாலு மணி நேரமாவது வெயில் படவேண்டும். வெளிச்சத்தின் பக்கமே செடி சாயும் என்பதால் பேசினைத் தினமும் திருப்பி வைக்கவேண்டும். மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் தெளிக்கவேண்டும். குடம் குடமாக ஊற்றினால் வேர் அழுகிப்போகும்.

டீ குடிக்காதீங்க!

கீரையோடு எலுமிச்சம்பழம் சேர்த்தால் அதில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சேருவது குறைந்துவிடும்.

சோறு உண்டதும் டீக்கடை பெஞ்சைத் தேடுகிறவர்கள் ஒரு மணி நேரம் பொறுக்கலாமே!