மணி அடிக்கலாமா?

முதுகுக்குப் பின்னால் திடீரென்று சைக்கிள் மணி ஒலித்தால், நடந்து செல்லும் கிழவர் எந்தப் பக்கம் ஒதுங்குவார்? அது அவருக்கே தெரியாது. விபத்தின் வித்து அங்கேதான் இருக்கிறது.

ஜப்பானியர் இவ்விஷயத்தை நன்கு ஆலோசித்திருக்கிறார்கள். 1970-ஆம் வருஷத்தில் மட்டும் அந்நாட்டு வீதிகளில் 16,765 பேர் விபத்துக்களில் மாண்டனர். மோட்டார்களிடமிருந்து சைக்கிள்காரர்களைக் காக்கும் பொருட்டு, அவ்வாண்டிலேயே சட்டத்தைத் திருத்தி, குறிப்பிட்ட சில நடைபாதைகளில் சைக்கிள் விட அநுமதித்தார்கள். 2008-இல் 13 வயது நிரம்பாத குழந்தைகளுக்கும் 70 வயதை எட்டிய முதியோருக்கும் அச்சலுகை விரிந்தது.

ஆனால் நிபந்தனைகள் உண்டு. சைக்கிள் வீதியை ஒட்டிய பக்கமாக மெல்லச் செல்ல வேண்டும். நடப்பவருக்கு இடைஞ்சல் நேருமானால் நின்றுவிட வேண்டும். வழி விடச் சொல்லி மணி அடிக்கலாகாது. நடைபாதை நடப்பவருடைய வீடு. சைக்கிள்காரர் அங்கே விருந்தாளி. வீட்டுக்காரரை விருந்தாளி விரட்டலாமா?

சட்டம் இருந்தும் அவசரக்காரர்கள் எங்குமே உண்டு. பழக்கம் இளமையிலேயே படிய வேண்டும். நம் பிள்ளைகளுக்குச் சைக்கிளில் ஏறக் கற்றுக்கொடுக்கிறோம். கூட்டத்தைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவும் கற்றுக்கொடுப்போமானால், எதிரே வரும் தாத்தா நிம்மதியாக வீடு போய்ச் சேருவார்.