சிறு காரின் பேரிரைச்சல்

இனயத்திலிருந்து தேங்காப்பட்டணம் நோக்கிச் சிறிய காரில் செல்கையில், பின்னிருக்கையில் அமர்ந்துள்ள உம்மாவின் பேச்சு உங்கள் செவிக்கு எட்டவில்லையா? டயர் உருளும் அதிர்வு, மெல்லிய இரும்புத் தகட்டைப் பறைபோல் முழங்கச் செய்வதும் அதற்கொரு காரணம்.

அலுமினியத் தாள் பதித்த பியூட்டைல் ரப்பர் விரிப்பைத் தகட்டின் உட்புறம் அழுத்தி ஒட்டினால், அவ்வதிர்வு சிறு வெப்பமாக மாறி அடங்கும். தகடு முழுவதையும் மூட வேண்டுவதில்லை. நடுப்பகுதியில் கால்பங்கு முதல் அரைப்பங்கு வரை ஒட்டினாலே பெரும்பயன் கிட்டும். இடைவெளி வழியே நுழையும் ஓசைக்கோ, தேய்ந்த கதவு ரப்பரை மாற்றுவதே வழி.

உப்புக்காற்று வீசும் கடற்கரையில் வாழ்வோர் இன்னொன்றையும் கருத வேண்டும். ஒட்டுவதற்கு முன் துருவைச் சுரண்டி, நன்கு உலர்த்துங்கள். கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகளை ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள். அடைத்தால், மழைநீர் உள்ளே தேங்கிக் கதவையே துரு தின்றுவிடும்.