புல்லுக்கும் உண்டு வார லீவு!

திங்கள் முதல் சனி வரை டியூட்டி. ஞாயிறு லீவு. குளிர்காலத்தில் வேலை கொஞ்சம் குறைச்சல். நம்ம ஆபீஸ் கதை இல்லை சார், இது புல்லின் கதை!

ஸ்காட்லாந்தில் கடலோரமாக செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கிற 'ஓல்ட் கோர்ஸ்'தான் கோல்ஃப் ஆசாமிகளுக்குக் காசி, ராமேஸ்வரம் எல்லாம். ஆயுளில் ஒரு தடவையாவது அங்கே ஆடிவிட வேண்டும் என்று அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு பறந்து வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினால் போச்சு. பையில் எத்தனை டாலர் இருந்தாலும் சரி, 'மைதானம் ஓய்வில் இருக்கிறது, நாளைக்கு வாருங்கள்' கேஸ்தான்! பிரிட்டிஷ் ஓப்பன் மாதிரி பெரிய போட்டி நடந்தால் மட்டும் விதிவிலக்கு. மற்ற ஞாயிறுகளில் குழந்தை வண்டி தள்ளும் அம்மாக்களும், நாயைக் காற்றாட அழைத்து வரும் தாத்தாக்களும் அங்கே ஹாயாக உலாத்துகிறார்கள். அது பொதுச் சொத்து. யாரும் விரட்ட முடியாது.

ஏன் இந்த லீவு? வருஷத்துக்கு 40,000 ஆட்டத்துக்கு மேல் தாங்குகிற மைதானம் அது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருவர் மைல் கணக்கில் நடக்கிறார். நடந்தால் பரவாயில்லை, அடிக்கிறாரே! ஓங்கி ஓர் அடி அடித்தால் பந்தோடு சேர்ந்து ஊத்தப்பம் சைஸுக்குப் புல்லும் மண்ணும் பெயர்ந்துகொண்டு பறக்கும். (சிலருக்கு ஊத்தப்பம் மட்டும் பறக்கும், பந்து அங்கேயே இருக்கும்.)

இந்த லீவோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பெயர் ஓல்ட் டாம் மாரிஸ். தாடிக்காரர். பிரிட்டிஷ் ஓப்பனை நாலு தடவை ஜெயித்தவர். 1860-களில் அந்த ஊர் கிளப் இவரை மைதானக் காவலராக வேலைக்கு வைத்தபோது கொடுத்த தளவாடங்கள் ஒரு தள்ளுவண்டி, ஒரு மண்வெட்டி, ஒரு சவல். அவ்வளவுதான்! ஞாயிறு சர்ச் போகிற நாள் என்பது ஊர் வழக்கம். 'உங்களுக்கு ஓய்வு வேண்டாம் என்றால் போகட்டும், மைதானத்துக்கு வேண்டும்' என்கிற பாணியில் டாம் பெரியவர்களை மடக்கியதாக இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அவருடைய இன்னொரு மருந்து, மணல். தள்ளுவண்டி கவிழ்ந்து புல்மேல் மணல் கொட்டிவிட்டதாம். 'ஐயையோ' என்று பதறினால், அடுத்த சில நாளில் அந்த இடத்துப் புல் மற்ற இடத்தைவிடச் செழிப்பு. கதை எவ்வளவு நிஜமோ, மணல் வைத்தியம் நிஜம். மணல் போட்டால் மேடு பள்ளம் நிரவும். மழைத் தண்ணீர் தேங்காமல் இறங்கும். வேருக்குக் காற்று கிடைக்கும். இன்றைக்கும் மெஷினை ஓட்டித் தரையில் சின்னச் சின்னத் துளை போட்டு, அதில் மணலைத் தூவி நிரப்புகிறார்கள்.

அடுத்த சமாசாரம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே மகாராஜா, 'ஃபெஸ்க்யூ' என்கிற நூல் மாதிரியான புல். அரைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற ரகம். உப்புக்காற்று, வெறும் மணல், குறைந்த தண்ணீர், எல்லாவற்றையும் சகித்துக்கொள்ளும். வேரை ஆழமாக விட்டுத் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். வில்லன், 'போவா அனுவா' என்கிற களைப்புல். ஆழமில்லாத வேர். உரத்தைக் கொட்டி, தண்ணீரை ஊற்றினால் முதல் பந்தியில் இலை போட்டு உட்காருவது அதுதான். வெயிலோ நோயோ வந்தால் முதலில் சாய்வதும் அதுவே. ஆகவே பராமரிப்பாளரின் சாமர்த்தியமே கையை இறுக்கிப் பிடிப்பதில்தான் இருக்கிறது. உரம் கம்மி, தண்ணீர் கம்மி, மருந்தும் கம்மி. கோடையில் மைதானம் பழுப்படித்தால் யாரும் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. 2022-ல் 150-வது பிரிட்டிஷ் ஓப்பன் அங்கே நடந்தபோது டிவியில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: காய்ந்து வைக்கோல் நிறத்தில் மைதானம், பந்தோ சிமென்ட் தரையில் போல உருண்டது!

கால் மிதியைப் பங்கு போட்டுக் கொடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். பந்து விழ வேண்டிய குழியைத் தினம் இடம் மாற்றி வெட்டுகிறார்கள். ஒரு காலத்தில் இன்னும் வேடிக்கை. ஒரு வாரம் வலமாக, மறு வாரம் இடமாக ஆட வேண்டும்! புல் தேறிக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு.

டிசம்பரில் அங்கே பகல் ஏழு மணி நேரம்தான். குளிரில் புல் வளர்வதை நிறுத்திவிடும். அப்போது பிய்த்தால் மே மாதம் வரை சொட்டைதான். அதனால் நவம்பர் முதல் மார்ச் வரை ஆட வருகிறவர் கையில் ஒரு குட்டிச் செயற்கைப் புல் பாய் இருக்கும். ஓடுபாதையில் பந்து எங்கே கிடந்தாலும், பாயை விரித்து, அதன்மேல் பந்தை வைத்து அடிக்க வேண்டும். உலகத்தின் கோல்ஃப் காசியில் பாயும் கையுமாக அலைகிற கோடீஸ்வரர்களைக் கற்பனை செய்து பாருங்கள்!

ஆள் நடமாட்டம் குறைந்த அந்த மாதங்களில்தான் மணல் குழிகளுக்கு ரிப்பேர். மொத்தம் 112 குழிகள். ஒன்றின் பெயர் 'நரகம்', ஆழம் பத்தடி. குழிகளின் சுவரைப் புல்தரையைக் கட்டி கட்டியாக வெட்டி, செங்கல் மாதிரி அடுக்கி எழுப்புகிறார்கள். காற்றும் வெயிலும் சில வருஷத்தில் அதை உதிர்த்துவிடும். திரும்ப இடி, திரும்ப அடுக்கு.

முயல் வழக்கு ஒன்றும் உண்டு. 1797-ல் கையில் காசில்லாத நகர சபை, அந்த இடத்தில் முயல் வளர்க்க ஆட்களை விட்டது. முயல்கள் இஷ்டத்துக்கு வளை தோண்டின. கோல்ஃப்காரர்கள் கோர்ட்டுக்கும் போனார்கள், கைகலப்பிலும் இறங்கினார்கள். ஜேம்ஸ் சீப் என்ற கோல்ஃப் பிரியர் 1821-ல் நிலத்தையே வாங்கிப் போட்ட பிறகுதான் பஞ்சாயத்து முடிந்தது.

கடலை மட்டும் யாரும் வாங்கிப் போட முடியாது. மைதானத்துக்கும் அலைக்கும் நடுவே நிற்கிற காவல், மணல் மேடுகள்தான். 2010-ல் அடித்த புயலில் கடல் மேட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. அப்புறம் லாரியில் மணல் கொண்டுவந்து உடைப்பை அடைத்தார்கள். வேலி போட்டு, 'மாரம்' என்கிற முரட்டுக் கடற்கரைப் புல்லை நட்டார்கள். நாணல் மாதிரி நீண்டு வளருகிற அதன் வேர்தான் மணலைக் காலடியில் கட்டிப்போடுகிறது. அதை மிதித்துவிடாமல் கடற்கரைக்குப் போக வழியும் போட்டிருக்கிறார்கள். ஒரே வருஷத்தில் முடிகிற வேலை இல்லை. கடல் ஒவ்வொரு குளிர்காலமும் வந்து எட்டிப் பார்க்கிறது. இவர்களும் மறுபடி நடுகிறார்கள். உள்ளே சொகுசுப் புல்லை அரைச் செண்டிமீட்டருக்கும் குறைவாக வெட்டுகிற அதே ஊர், வெளியே வெட்டவே படாத ஒரு புல்லை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறது.

திங்கள் விடியும் முன்பே பணியாளர்கள் வந்துவிடுவார்கள். நுனியில் தங்கிய பனியைத் துடைத்துவிட வேண்டும். ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். நாய்த் தடங்களை நிரவி, குழியைப் புது இடத்தில் வெட்டிக் கொடியை நடுவார்கள். முதல் ஆட்டக்காரர் அதற்குள் வாசலில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.