வால் புரத மரபணுக்களை இனங்காணல்: வரிசையும் நீளமும் தரும் சான்றுகள்

பக்டீரியாக்களைத் தொற்றும் வைரசுகள் பக்டீரியா விழுங்கிகள் எனப்படும். அவற்றின் மரபணுத்தொகையை வாசித்தல் இன்று எளிதாகிவிட்டது. எந்த மரபணு எப்புரதத்தை ஆக்குகின்றது எனக் குறித்தலே கடினமான பணியாக எஞ்சியுள்ளது. வால் புரதங்களைப் பொறுத்தவரை இக்கடினம் மிகுதி. விழுங்கி எந்தப் பக்டீரியாவைப் பற்றும் என்பதை வாலின் முனையே பெரிதும் தீர்மானிக்கின்றது. ஆதலால், நோய் தீர்க்கும் விழுங்கிகளைத் தெரிவு செய்வோர்க்கு இக்குறிப்பில் நேரும் பிழை பெரும் இடராகலாம். மேலும், தரவுத்தளத்தில் ஒருமுறை ஏறிய பிழை, அதனோடு ஒப்பிட்டுக் குறிக்கப்படும் புதிய மரபணுத்தொகைகளுக்கும் பரவும்.

அமினோ அமில வரிசையின் ஒப்புமை மட்டும் இங்கு போதுமானதன்று. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் அலன் டேவிட்சன் குழுவினர் லாம்டா விழுங்கியின் வாற்குழாயை ஆக்கும் 'வி' புரதத்தின் ஒரு பகுதியை ஆராய்ந்து 2009இல் அதன் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டனர். பக்டீரியாக்களின் ஆறாம் வகைச் சுரப்புத் தொகுதியிலுள்ள ஒரு புரதத்தோடு அவ்வமைப்பு ஒத்திருந்தது. வரிசையிலோ அவ்வுறவு புலப்படவில்லை. வடிவம் நிலைத்திருக்க, எழுத்து மாறிவிடுகின்றது.

எனவே மரபணுக்கள் நிற்கும் ஒழுங்கை நோக்க வேண்டும். 48,502 காரச்சோடிகள் கொண்ட லாம்டாவில் வால் மரபணுக்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. குழாய்ப் புரதமான 'வி'யைத் தொடர்ந்து 'ஜி', 'ரி' என்பனவும், பின்னர் 'எச்' என்பதும், இறுதியில் முனைப் புரதமான 'ஜே'யும் வருகின்றன. 'எச்' அளவுநாடாப் புரதம். அதன் நீளமே வாலின் நீளத்தை வரையறுக்கின்றது. ஓர் அமினோ அமிலத்துக்கு ஏறத்தாழ 0.15 நானோமீட்டர் எனக் கொள்ளின், அதன் 853 அமினோ அமிலங்கள் ஏறத்தாழ 128 நானோமீட்டரைத் தரும். நீண்ட வாலுடைய பல விழுங்கிகளில் மிக நீண்ட மரபணு இதுவே. எனினும் லாம்டாவில் 'ஜே' 1,132 அமினோ அமிலங்களோடு இதனை விஞ்சுகின்றது. நீளத்தை இடத்தோடு சேர்த்தே கொள்ள வேண்டும் என்பதை இது உணர்த்தும்.

மூன்றாம் சான்று 'ஜி', 'ரி' இரண்டுக்கும் இடையில் உள்ளது. 'ஜி'யை வாசிக்கும் ரைபோசோம் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு முறை ஓர் எழுத்துப் பின்வழுவி, 'ரி'யையும் இணைத்து ஒரே நீண்ட புரதமாக ஆக்குகின்றது. நீண்ட வாலுடைய விழுங்கிகள் பலவற்றில் இவ்வழுவல் பேணப்பட்டுள்ளதை ஜுன் சூ, ரொஜர் ஹென்ட்ரிக்ஸ், ரொபர்ட் டூடா ஆகியோர் 2004இல் காட்டினர். வழமையான கணினி நிரல்கள் இதனைக் கண்டுகொள்ளாது விடுவதுண்டு. அளவுநாடா மரபணுவுக்குச் சற்று முன்னே இவ்வழுவலிடத்தைக் கண்களால் தேடுதல் குறிப்பாளரின் கடமையாகும்.

எழுத்துச் சிதைந்த ஏட்டை முன்பின் ஏடுகளைக் கொண்டு இனங்காணும் பதிப்பாசிரியரின் முறைக்கு இது நெருங்கியது. ஒழுங்கு, நீளம், வழுவல் ஆகிய மூன்றும் ஒருமித்தவிடத்துப் பெயரை உறுதியாக இடலாம். ஒன்றே கிட்டியவிடத்து 'கருதப்படும் வால் புரதம்' என்று நிறுத்துவதே நேர்மை. முடிவான தீர்ப்பைச் சோதனைச்சாலையே வழங்கும்.