அண்ணை, ஆர் துரத்துறது?

விடிய ஐந்தரை மணிக்கு ஸ்காபரோ மோர்னிங்சைட் பூங்காவில் நாயோடு நடக்க வரும் நம்மவர் ஒருவர் இருக்கிறார். என்னைக் காணும் போதெல்லாம் ஒரே கேள்விதான்: "அண்ணை, ஆர் துரத்துறது?"

62 வயது என்று பதில் சொல்லலாம். ஆனால் மூச்சு வாங்கும்போது சிரிக்கத்தான் முடிகிறது.

ஒக்டோபரில் ரொறன்ரோ வோட்டர்ஃப்ரண்ட் ஓட்டம். நான் பதிந்திருப்பது அரை மரதன், அதாவது 21.1 கிலோமீற்றர். போன வருசம் 2 மணி 6 நிமிடத்தில் முடித்தேன். இந்த முறை இரண்டு மணித்தியாலத்துக்குள் வரவேண்டும். கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 58 செக்கன் ஓடியவன் 5:41க்கு இறங்க வேணும். 17 செக்கன்தானே என்று தோன்றும். அந்த 17 செக்கனுக்காகத்தான் மே மாதம் தொடக்கம் இந்தப் பாடு.

ஓடத் தொடங்கினதுக்குக் காரணம் ஆசை இல்லை, பயம். என் தமையன் 58 வயதில் வீட்டு வாசலில் பனி வழிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், எழும்பவில்லை. அவருக்குச் சலரோகமும் இருந்தது, பிரஷரும் இருந்தது. இரண்டையும் "பாத்துக்கொள்ளலாம்" என்று விட்டிருந்தார். செத்தவீடு முடிந்து மூன்றாம் மாதம் நான் குடும்ப வைத்தியரிடம் போனேன். அவர் முதலில் என்னை டிரெட்மில்லில் ஏற்றி இதயத்தைச் சோதித்தார், பிறகுதான் ஓடச் சொன்னார். எங்கட ஆக்கள் இந்த ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது. தெற்காசியருக்கு இதய நோயும் நீரிழிவும் மற்றவர்களை விட இளவயதிலேயே வருகின்றன. சப்பாத்து வாங்கமுதல் அந்தச் சோதனையைச் செய்யுங்கோ.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் வெறுங்காலோடு 1500 மீற்றர் ஓடினவன் நான். அந்த நினைப்புத்தான் யூலையில் என்னைக் கவிழ்த்தது. ஞாயிறு ஓட்டத்தை இரண்டு கிழமைக்குள் 12 கிலோமீற்றரில் இருந்து 17க்குத் தூக்கினேன். போதாக்குறைக்குச் செவ்வாயில் 800 மீற்றர் வேக ஓட்டம் ஆறு தரம். மூச்சுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. குதிகாலுக்கு மேல் இருக்கிற அந்தத் தடித்த நாண்தான் மறுத்துவிட்டது. வயது போகப் போக நுரையீரலும் இதயமும் பயிற்சிக்குக் கெதியாகப் பழகிவிடும். தசைநாணுக்கு அதைவிட நாள் வேணும். இதை நான் கட்டிலால் இறங்கேலாமல் நின்ற காலையில்தான் படித்தேன்.

பிசியோ தந்த மருந்து நிலவறைப் படிக்கட்டு. படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெல்ல மெல்லக் கீழே இறக்க வேணும். 15 தரம், மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 கிழமை. அலுப்பான வேலை. ஆனால் அதுதான் என்னைத் திரும்ப ஓடவைத்தது. இப்ப கடினமான ஓட்டம் கிழமைக்கு இரண்டே நாள். நடுவில் லேசான ஓட்டம், அல்லது ஒன்றுமே இல்லை. இளமையில் ஒரு இரவு நித்திரை செய்தால் போதும். இப்ப ஒரு வேக ஓட்டம் உடம்பை விட்டுப் போக மூன்று நாள் எடுக்கும்.

"நடந்தாப் போதாதோ? ஏன் போட்டி?" மனிசி இன்னும் கேட்கிறா. நியாயமான கேள்விதான். குளிர்காலத்தில் ஸ்காபரோ ரவுண் சென்ரருக்குள் சேலையும் ஓட்டச் சப்பாத்துமாக நடக்கிற அன்ரிமாரை நான் மதிக்கிறேன். உண்மையில் என்னைவிட ஒழுங்கானவர்கள் அவர்கள்தான். ஆனால் எனக்கு ஒரு திகதியும் ஒரு நேரமும் இல்லாவிட்டால் மழை பெய்கிற காலையில் போர்வையை விட்டு எழும்ப மாட்டன். என்னை எனக்குத் தெரியும்.

இதே ரொறன்ரோ ஓட்டத்தில்தான் எட் விட்லொக் 2004இல் தன் 73ஆவது வயதில் முழு மரதனை 2 மணி 54 நிமிடம் 48 செக்கனில் முடித்தார். மில்ரனில் வீட்டுக்குப் பக்கத்துச் சேமக்காலையைச் சுற்றிச் சுற்றி மணிக்கணக்காக ஓடித்தான் அவர் பழகினார். பயிற்சியாளரும் இல்லை, ஆடம்பரமும் இல்லை. 85 வயதில் நான்கு மணித்தியாலத்துக்குள் இன்னொரு மரதன். எங்கட சங்க விளையாட்டு விழாக்களில் பிள்ளைகளை ஓடவிட்டுவிட்டு மடக்குக் கதிரையில் இருந்து கொத்துரொட்டி சாப்பிடுகிற என் வயதுக்காரரைப் பார்க்கும்போது அந்தச் சேமக்காலைதான் ஞாபகம் வரும். அறுபது தாண்டியவர்களுக்கும் ஒரு ஓட்டம் வையுங்கோ என்று ஒருமுறை கேட்டேன். பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சினம்.

இன்னும் ஐந்து கிழமை இருக்கு. குதிகால் குணம் எண்டு சொல்ல மாட்டன். ஓட்டத்தன்று 15ஆவது கிலோமீற்றரில் அது கடித்தால் நடந்துதான் முடிப்பேன், இரண்டு மணித்தியாலம் போனால் போகட்டும் என்று மனிசிக்கு வாக்குக் குடுத்திருக்கிறன். அந்த வாக்கைக் காப்பாற்றுவேனோ என்பதில் அவவுக்கும் சந்தேகம், எனக்கும் சந்தேகம்.

வாற ஞாயிறு 18 கிலோமீற்றர். அவ வழமைபோல ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு பூங்கா வாசலில் காருக்குள் இருப்பா. விடிய எழும்பி முதல் பத்து அடிக்குக் குதிகால் என்ன சொல்லுது எண்டு பாத்துத்தான் சப்பாத்துக் கட்டுவன்.