529-ல் இருந்து முழு ஃபீஸையும் எடுக்கலாமா?

அமெரிக்காவில் பிள்ளையின் காலேஜுக்காக 529 கணக்கில் சேமித்தவர்கள், பில் வந்ததும் மொத்தத்தையும் அதிலிருந்தே கட்டிடுறாங்க. எடுக்கும் பணத்துக்கு வரி இல்லையே! ஆனால், 2,500 டாலர் கைநழுவுவதும் இங்கேதான்.

அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட் என்ற வரிச்சலுகை, முதல் 4,000 டாலர் ஃபீஸ், புத்தகச் செலவுக்கு 2,500 டாலர் வரை தருகிறது. ஒரு மாணவருக்கு நான்கு வருடம். ஒரே செலவை இரண்டு பக்கமும் காட்ட முடியாது என்பதுதான் சிக்கல்.

ஃபீஸ் 12,000, ஹாஸ்டலும் சாப்பாடும் 10,000 என்று வைத்துக்கொள்வோம். 529-ல் இருந்து 18,000 மட்டும் எடுத்து, மீதி 4,000-ஐ சம்பளத்திலிருந்து கட்டுங்க. ஹாஸ்டல் செலவுக்கு கிரெடிட் கிடையாது. அதனால் அதை 529-லேயே முடிப்பது நல்லது.

ஏற்கெனவே 22,000-ஐயும் எடுத்தாச்சா? அப்போதும் கிரெடிட் கேட்கலாம். அந்த 4,000-ல் உள்ள லாபத்துக்கு மட்டும் வரி வரும். 10% அபராதம் இல்லை.

தம்பதியின் வருமானம் 1,80,000 டாலரை எட்டினால் கிரெடிட்டே இல்லை. இரண்டு ஐடி சம்பளம் வரும் வீடுகள் பெரும்பாலும் இங்கேயே அவுட்! அவங்க முழுசா 529-லேயே எடுக்கலாம்.

தாத்தா பெயரில் 529 இருந்தால், எடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை பேசிடுங்க. கட்டும் வருடமும் எடுக்கும் வருடமும் ஒன்றாக இருக்கணும்.