எல்லோரும் வாங்கச் சொல்கிறார்கள், விற்பது யார்?

சாத்னா பிராட்காஸ்ட் என்ற பெயரை 2022-க்கு முன்பு பங்குச் சந்தையிலேயே பழகியவர்கள்கூட அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மும்பை பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு சிறிய தொலைக்காட்சி நிறுவனம், அவ்வளவுதான். அந்த ஆண்டு ஜூலையில் 'தி அட்வைசர்', 'மனிவைஸ்' என்ற இரண்டு யூடியூப் சேனல்களில் அந்தப் பங்கைப் பற்றிக் காணொளிகள் வந்தன. அதானி குழுமம் இந்த நிறுவனத்தை வாங்கப் போகிறது என்றார்கள். ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் நான்கு பக்திப் படங்கள் எடுக்க 1,100 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டுவிட்டது என்றும் சொன்னார்கள். எல்லாமே புளுகு. காணொளிகள் தாமாகப் பரவவும் இல்லை. காசு கொடுத்து, விளம்பரமாக, திரை திரையாகக் கொண்டு சேர்த்தார்கள். அந்தக் காலகட்டத்தில் சிறு பங்குதாரர்களின் எண்ணிக்கை 2,167-லிருந்து 55,343 ஆகிவிட்டது.

இத்தனை பேர் வாங்கினார்கள் என்றால் அத்தனை பங்கையும் யாரோ விற்றிருக்க வேண்டும். வாங்கியவர்களில் பலர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபி கேட்டது. நிறுவனர் தரப்பில் சிலர், நிர்வாகத்தில் இருந்தவர்கள், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருந்தவர்கள் எனப் பலர் ஊதிப் பெருத்த விலையில் விற்று வெளியேறியிருந்தது தெரிந்தது. 2023 மார்ச்சில் வந்த இடைக்கால உத்தரவு 31 தரப்புகளைச் சந்தைக்கு வெளியே நிறுத்தியது. 2025 மே மாத இறுதி உத்தரவு 59 தரப்புகளை நோக்கி, முறைகேடாகச் சேர்த்த சுமார் 58 கோடி ரூபாயை 12 சதவீத வட்டியோடு கட்டச் சொன்னது.

இந்த வழக்கில் இரண்டு குமிழிகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. ஒன்று விலைக் குமிழி. மற்றது கைப்பேசித் திரைக்குள் இருக்கும் குமிழி. இணையத் தளங்கள் நம் பழக்கத்தைப் பார்த்து நமக்குப் பிடித்ததை மட்டும் வடிகட்டித் தருகின்றன, அதனால் ஒவ்வொருவரும் தனித்தனி உலகத்துக்குள் அடைபடுகிறோம் என்று ஈலை பாரிசர் என்ற அமெரிக்கர் 2011-ல் எழுதினார். 'ஃபில்டர் பபிள்' என்ற சொல் அவர் புத்தகத்தால்தான் பரவியது. அப்போது பேச்சு பெரும்பாலும் அரசியலைப் பற்றியது. பணத்தில் இதே விஷயம் இன்னும் கொடுமையானது என்பது என் கருத்து. காரணம் சொல்கிறேன்.

'ஒரே ஆண்டில் பத்து மடங்காகும் பங்கு' என்ற காணொளியை நீங்கள் கடைசிவரை பார்க்கிறீர்கள். தளத்துக்குத் தெரிவது நீங்கள் நிறுத்தாமல் பார்த்தீர்கள் என்பது மட்டுமே. சொன்னது மெய்யா பொய்யா என்பது அதன் கணக்கில் இல்லை. அடுத்து அதே ரகத்தில் இன்னொன்று, பிறகு இன்னும் நாலு. 'இந்த நிறுவனத்தின் கடன் ஏறிக்கொண்டே போகிறது' என்று நிதானமாகப் பேசும் காணொளியை யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை, ஆகவே அது உங்கள் திரைக்கு வருவதும் இல்லை. டெலிகிராம் குழுவுக்குள் போனால் நிலைமை இன்னும் மோசம். அட்மின் மட்டுமே செய்தி போடலாம் என்று வைத்துவிடலாம். கேள்வி கேட்பவரை ஒரு தட்டில் வெளியேற்றிவிடலாம். லாபம் பார்த்தவர் ஸ்கிரீன்ஷாட் போடுவார். நஷ்டப்பட்டவர் வீட்டில்கூடச் சொல்லமாட்டார்.

பழியை இயந்திரத்தின் மேல் மட்டும் போடவும் முடியாது. அமெரிக்காவில் பங்கு முதலீட்டாளர்கள் பேசிக்கொள்ளும் ஸ்டாக்ட்விட்ஸ் தளத்தில் சுமார் 4 லட்சம் பேரின் நடத்தையை குக்சன், எங்கல்பெர்க், மல்லின்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அலசினார்கள். ஒரு பங்கு ஏறும் என்று நம்புபவர், இறங்கும் என்று நினைப்பவரைவிட ஐந்து மடங்கு அதிகமாக, அது ஏறும் என்று சொல்பவர்களையே தேடிப் பின்தொடர்ந்தார். 50 நாளில் அவர் கண்ணில் 62 சாதகச் செய்திகள் கூடுதலாகவும் 24 பாதகச் செய்திகள் குறைவாகவும் பட்டன. இப்படி ஒரே குரலைக் கேட்டு எடுத்த முடிவுகளுக்குக் கிடைத்த வருமானம் குறைவு என்பதுதான் ஆய்வின் கசப்பான பகுதி. காசைப் போட்ட பிறகு, நாம் செய்தது சரி என்று சொல்கிறவரைத்தான் மனம் தேடுகிறது.

பணத்தில் இது இன்னும் கொடுமை என்றேனே, இப்போது அந்தக் காரணம். மற்ற விஷயங்களில் பொய் சொன்னால் நாளடைவில் நிஜம் வந்து இடிக்கும். பங்கில் பொய்யே சில வாரங்களுக்கு நிஜமாகிவிடும். ஏறும் என்று சொல்லி ஐம்பதாயிரம் பேரை வாங்க வைத்தால் ஏறத்தான் செய்யும். ஏறியதைக் காட்டி 'அன்றே சொன்னேனே' என்பார்கள். சிறிய நிறுவனங்களின் பங்கு கைமாறுவதே குறைவு என்பதால் கொஞ்சம் பணம் வந்தாலே, ஒரு நாளில் விலை ஏற அனுமதித்த உச்ச வரம்பான அப்பர் சர்க்யூட்டைத் தொட்டு நிற்கும். தினமும் அப்பர் சர்க்யூட் என்றால் பார்ப்பவருக்கு ஆசை எகிறுகிறது. ஊதியவர்கள் விற்று முடித்ததும் அதே பங்கு தினமும் லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொள்ளும். விற்க ஆர்டர் போட்டால் வாங்க ஆளிருக்காது. திரையில் விலை தெரியும், பணமாக மாற்ற முடியாது.

சொல்லிக்கொடுப்பவர்களும் இந்தக் குமிழியில் ஒரு பகுதி. 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் இயங்கியவர், பயிற்சி என்ற பெயரில் பதிவில்லாமல் பங்கு ஆலோசனை விற்றார் என்று கண்டு, 2023 அக்டோபரில் செபி சுமார் 17 கோடி ரூபாயைக் கட்டச் சொன்னது. வர்த்தகத்தில் அள்ளுவதாகச் சொல்லிக்கொண்டிருந்த அவர், 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை சந்தையில் தானே 2.89 கோடி ரூபாய் நஷ்டப்பட்டிருந்தார். எஃப் அண்ட் ஓ என்கிற எதிர்கால, விருப்ப ஒப்பந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள் என்றும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் செபியின் ஆய்வு சொல்கிறது. உங்கள் திரையில் வருகிறவர்கள் எல்லாரும் மீதி 7 சதவீதத்தைச் சேர்ந்தவர்கள்தானா?

இதுவரை சொன்னதில் சந்தையாவது உண்மை. சந்தையே பொய்யாக இருக்கும் மோசடி ஒன்று நாடு முழுக்க நடக்கிறது. தெரியாத வாட்ஸ்அப் குழுவில் உங்களைச் சேர்ப்பார்கள். ஒரு 'பேராசிரியர்' பாடம் எடுப்பார். இருநூறு பேர் நன்றி சொல்வார்கள். அந்த இருநூறில் நிஜமாக ஏமாறப் போகிறவர் நீங்கள் ஒருவராக மட்டுமே இருக்கலாம். பிறகு ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர் கணக்கு வழியாக ஐ.பி.ஓ. என்கிற புதிய பங்கு வெளியீடு சலுகை விலையில் கிடைக்கும் என்பார்கள். இந்தியாவில் வசிப்பவருக்கு அந்த வழியே கிடையாது என்று செபி 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. தேசியப் பங்குச் சந்தையின் தலைமைச் செயல் அதிகாரி முகத்தையும் குரலையும் வைத்தே போலிக் காணொளி செய்தார்கள். 2024 ஏப்ரலில் அந்தச் சந்தை மறுப்பு அறிக்கை விட வேண்டியதாயிற்று. செயலியில் லாபம் கொழிக்கும். நம்பிக்கைக்காக முதலில் ஒரு சிறு தொகையை எடுக்கவும் விடுவார்கள். பெரிய தொகை கேட்டால் வரி கட்டு, கட்டணம் கட்டு என்பார்கள். உங்கள் லாபத்தை எடுக்க உங்களிடமே மேலும் பணம் கேட்கிற இடம் எதுவானாலும் அங்கே லாபம் என்று ஒன்று இல்லை.

விற்பது யார் என்ற கேள்விக்கு விடை ரகசியமாக இல்லை என்பதுதான் வேடிக்கை. பட்டியலிட்ட ஒவ்வொரு நிறுவனமும் காலாண்டுக்கு ஒருமுறை யார் எவ்வளவு பங்கு வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பங்குச் சந்தையிடம் கொடுக்க வேண்டும். அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவனர்களின் பங்கு குறைந்து சிறு முதலீட்டாளர் எண்ணிக்கை வீங்கினால் விடை கிடைத்துவிட்டது. நிறுவனத்தை வேறொருவர் வாங்குவது, பெரிய ஒப்பந்தம் கிடைப்பது போன்ற முக்கியச் செய்திகளையும் பங்குச் சந்தைக்கு அறிவித்தாக வேண்டும். 1,100 கோடி ஒப்பந்தம் யூடியூபில் மட்டும் இருந்து பங்குச் சந்தையின் தளத்தில் இல்லையென்றால் அப்படி ஒரு ஒப்பந்தம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலோசனை சொல்பவரின் பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. முதலீட்டு ஆலோசகர் எண் ஐ.என்.ஏ. என்றும், பங்கு ஆய்வாளர் எண் ஐ.என்.எச். என்றும், தரகர் எண் ஐ.என்.இசட். என்றும் தொடங்கும். இன்னொருவர் எண்ணைத் திருடிப் போடுவது சகஜம். அதனால் செபி தளத்தில் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும் தொலைபேசியில் அழைத்துப் பார்ப்பது நல்லது. பதிவு பெற்றவராக இருந்தாலும் 'இவ்வளவு வருமானம் நிச்சயம்' என்று உறுதி தரக்கூடாது. 2025 அக்டோபர் முதல் பதிவு பெற்ற தரகர்களுக்கும் பரஸ்பர நிதி நிறுவனங்களுக்கும் 'அட் வேலிட்' என்ற சொல் இடம்பெறும் தனி யு.பி.ஐ. முகவரி இருக்கிறது. தனிநபர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பணம் போய்விட்டது என்றால் எப்படிப் போனது என்பதைப் பொறுத்தது பரிகாரம். உண்மையான சந்தையில், யாரும் ஏமாற்றாமல், விலை இறங்கி நஷ்டம் என்றால் அதற்கு வழக்கு கிடையாது. தரகர் சொல்லாமல் வர்த்தகம் செய்தார், ஆலோசகர் விதி மீறினார் என்றால் முதலில் அவர்களிடம் எழுத்தில் புகார். பிறகு செபியின் 'ஸ்கோர்ஸ்' தளம். பிரச்சினை நடந்து ஓராண்டுக்குள் பதிய வேண்டும், எதிர்த்தரப்பு 21 நாளில் பதில் தர வேண்டும். அதிலும் தீராவிட்டால் இணையவழி சமரசம், நடுவர் தீர்ப்பு என்ற வழி இருக்கிறது. செபியின் கட்டணமில்லாத் தொலைபேசி 1800 22 7575. விலையை ஊதிவிட்ட மோசடியையும் செபியிடம் சொல்லலாம். ஆனால் செபி பிடுங்கும் தொகை முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போகும். ஏமாந்த ஒவ்வொருவர் கணக்கிலும் தானாக வந்து விழாது. இதைத் தெரிந்துகொண்டே புகார் கொடுப்பது நல்லது.

போலிச் செயலி என்றால் நேரம்தான் எல்லாம். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் வழியில் முடக்கி வைக்க அந்த அழைப்புதான் உதவும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள், உங்கள் வங்கிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். பணம் போன பரிவர்த்தனை எண், கைப்பேசி எண்கள், செயலியின் பெயர் எல்லாம் சாட்சி. ஏதோ ஒரு கணக்கில் பணம் முடக்கப்பட்டால் அதைத் திரும்பப் பெற, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 503-வது பிரிவில் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். பலருக்கு இது தெரியாததால் முடக்கிய பணம் முடங்கியே கிடக்கிறது. வங்கி ஈடு கட்டும் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த பாதுகாப்பு உங்கள் அனுமதியில்லாமல் நடந்த பரிவர்த்தனைக்கு உரியது. பின் எண்ணை நீங்களே அழுத்தி அனுப்பிய பணத்துக்கு அதை நீட்டுவது கடினம்.

இந்தக் காணொளிகளையும் விளம்பரங்களையும் காட்டும் தளங்களின் பொறுப்பு என்ன? மோசடி விளம்பரத்தைப் பற்றி அது வந்த தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் புகார் செய்யலாம். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் ஒன்றிய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: பயனரின் பழக்கத்தை வைத்துப் பரிந்துரைக்காத ஒரு வடிவத்தையும் பெரிய தளங்கள் கொடுத்தாக வேண்டும். நம் நாட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. நியாயமாக, பண விஷயத்திலாவது அது வேண்டும். அது வரும்வரை யூடியூபில் பார்வை வரலாற்றை அணைப்பது, கூகுள் கணக்கில் தனிப்பயன் விளம்பரத்தை நிறுத்துவது, வாட்ஸ்அப்பில் யார் வேண்டுமானாலும் உங்களைக் குழுவில் சேர்க்கலாம் என்ற அமைப்பை மாற்றுவது ஆகியவை நம் கையில் உள்ளவை.

கடைசியாக ஒன்று. 1930-க்குப் புகார் கொடுத்த பிறகு, இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி வழக்கறிஞர், காவல் அதிகாரி, ஹேக்கர் என்ற பெயரில் யாராவது அழைத்து முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்களின் எண்கள் மோசடிக்காரர்களிடையே கைமாறுகின்றன. அடுத்த அழைப்பு அங்கிருந்தும் வரலாம்.